பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

மார்ச் 6

அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று போடவில்லை. மறதியால் அல்ல, தெரிந்துதான் விட்டிருக்கிறேன்.

நேற்று உன் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் இந்த ஊர்க் கிளையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. என் வண்டியின் இன்ஷூரன்ஸ் ஏப்ரல் முப்பதோடு முடிகிறது, அதற்குமேல் புதுப்பிக்க மாட்டார்களாம். ஓட்டுநர் மதிப்பெண் என்று ஒன்று இருக்கிறதாம். அதில் நான் நூற்றுக்குப் பத்தொன்பது. பத்து மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு தடவை திடீர் பிரேக் போட்டிருக்கிறேன் என்று, எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு என்பதோடு ஆறு பக்கத்துக்குப் பட்டியல் போட்டிருக்கிறார்கள்.

பதினேழு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். ஒரு வண்டியில்கூட உரசியதில்லை. இப்போது ஊரிலேயே மோசமான ஓட்டுநர் நான்தான். ஏன் இத்தனை பிரேக் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என் வண்டியை ஓட்டுகிறவர்களுக்கு ஓட்டத் தெரியாது. அதனால்தான் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் சுவரைப் பார்த்துப் போகும்போது பக்கத்து சீட்டில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நான் மிதிக்கிறேன். அதுதான் என் பிழைப்பே.

வேறு இரண்டு கம்பெனிகளில் கேட்டேன். எனக்கு முன்னாலேயே அந்தப் பத்தொன்பது அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது.

கடிதத்தோடு ஒரு சம்மதப் படிவத்தின் நகலும் வைத்திருக்கிறார்கள். வண்டி அனுப்புகிற தகவலையெல்லாம் எடுத்துக்கொள்ள நான் சம்மதித்தேனாம். கீழே என் பெயரில் கையெழுத்து. எழுத்து உன்னுடையது. பள்ளிக்கூட நாட்களில் என் மார்க் அட்டையில் அப்பா கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தவன் நீதானே, எனக்கா தெரியாது. அன்றைக்கு நன்றி சொன்னேன். இன்றைக்குச் சொல்வதாக இல்லை.

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். பேசினால் நீ குறுக்கே பேசுவாய். எழுது.

உன் தங்கை

-

மார்ச் 15

அன்புள்ள தங்கைக்கு,

நான் போடுகிறேன், 'அன்புள்ள'.

தப்பு என்னுடையதுதான். போன வருஷம் நீ புது வண்டி வாங்கியபோது, "இந்தக் காகிதமெல்லாம் நீயே பாத்துக்கோ, நீதான் அந்தத் துறையில இருக்க" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? எங்கள் கம்பெனியில் அப்போதுதான் இந்தத் திட்டம் வந்தது. வண்டி தானாகத் தகவல் அனுப்பும், நன்றாக ஓட்டுகிறவர்களுக்குச் சலுகை. எனக்குத் தெரிந்து உன்னைவிட நன்றாக வண்டி ஓட்டுகிற ஆள் கிடையாது. நூற்றுக்கு நூறு வாங்குவாய், ஆபீஸில் எல்லோரிடமும் காட்டலாம் என்று நினைத்தேன். 'ஓட்டுபவர்' என்ற இடத்தில் உன் பெயரை மட்டும் எழுதினேன். உன் மாணவர்கள் என்ற ஒரு கூட்டம் இருப்பதே எனக்கு உறைக்கவில்லை. வண்டி என்றால் நீ, அவ்வளவுதான் எனக்கு.

மறைக்க விரும்பவில்லை, இன்னொன்றும் சொல்கிறேன். உன் வண்டி இருக்கும் இடம் என் போனில் தெரியும். காலையில் டீ குடிக்கும்போது அந்தப் புள்ளி நகர ஆரம்பிக்கும். சரி, சின்னவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள் என்று நானும் கிளம்புவேன். வீட்டைவிட்டு இத்தனை தூரம் வந்து தனியாக ஒரு அறையில் இருக்கிறவனுக்கு அது ஒரு துணை.

இதைச் சரி செய்துவிடலாம். யார் எந்த நாளில் எத்தனை மணிக்கு ஓட்டினார்கள் என்று நீ ஒரு நோட்டு வைத்திருப்பாயே, அதை அனுப்பு. பட்டியலோடு ஒத்துப் பார்த்து ஒவ்வொரு பிரேக்கையும் அவரவர் பெயருக்கு மாற்றிவிட்டால் நீ சுத்தம். இரண்டு நாள் வேலை.

கேட்காமல் இருக்க முடியாத ஒன்று. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் காலை பத்து நாற்பதுக்கு உன் வண்டி என் வீட்டுத் தெருமுனை மருந்துக்கடை வாசலில் ஐந்து நிமிஷம் நிற்கிறது. பிறகு பெரிய பாலம் வரை போய்த் திரும்பி, மறுபடி அங்கேயே வந்து நிற்கிறது. ஐந்து மாதமாக இப்படி. உன் அண்ணியைக் கேட்டால், "அவளைப் பாத்தே மாசக்கணக்காச்சுங்க" என்கிறாள். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன நடக்கிறது? வீட்டில் ஏதாவது பிரச்சினையா? என்னிடம் சொல்லக் கூடாத அளவுக்கா?

அண்ணன்

-

மார்ச் 24

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை பாவமாக இருந்தது. இரண்டாவது தடவை கோபம் வந்தது. மூன்றாவது தடவையும் கோபம்தான்.

ஐந்து மாதமாக நான் எங்கே நிற்கிறேன், எவ்வளவு நேரம் நிற்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். அதற்குத் துணை என்று பெயர் வைத்திருக்கிறாய். துணை என்றால் எனக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? பல் வலி என்று இரண்டு நாள் படுத்திருந்தேன், புள்ளி நகரவில்லையே, ஏன் என்று கேட்டாயா? புள்ளியைப் பார்த்தாய், தங்கையைப் பார்க்கவில்லை.

நம் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய் தகவல் அனுப்புகிற அந்தப் பெட்டியைக் கழற்றிவிடச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "அது தனிப் பெட்டி இல்லம்மா. வண்டியோட மூளைக்குள்ளயே இருக்கு. அதைப் புடுங்கினா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. இப்ப வர்ற வண்டி எல்லாம் கொஞ்சம் வாய் ஜாஸ்திதான்." என் வண்டிக்கு என்னைவிட வாய் நீளம் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

நோட்டு விஷயம். தர மாட்டேன்.

அதில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா? ஒரு வேன் டிரைவர் இருக்கிறார். பன்னிரண்டு வருஷ அனுபவம். போன வருஷம் ஒரு விபத்தைக் கண்ணால் பார்த்தார், அன்றிலிருந்து ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிறது. லீவு போட்டுவிட்டு, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து பழகுகிறார். அவர் பெயர் உன் பட்டியலில் ஏறினால் வாழ்நாளுக்கும் அவர் கையில் வண்டி கொடுப்பார்களா? ஒரு தலைமை ஆசிரியை இருக்கிறார். தன்னிடம் படித்தவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று ஊர் எல்லையில் வந்து ஏறுகிறார். வீட்டுக்குத் தெரியாமல் வருகிறவர்கள் இன்னும் மூன்று பேர். என் வண்டியில் ஏறும்போது எல்லோருக்கும் ஒன்றுதான் சொல்வேன், "இங்க தப்பு பண்ணுங்க. இதுக்குத்தான் இந்த சீட்டு. வெளியில போகாது." பதினேழு வருஷமாகச் சொல்கிறேன். நான் சொன்னது பொய் என்று ஆக்கிவிட்டாய்.

நான் வண்டி கற்றுக் கொடுக்கிறவள், ஆளைக் காட்டிக் கொடுக்கிறவள் இல்லை. ஏப்ரல் முப்பதுக்குப் பிறகு வண்டி நின்றால் நிற்கட்டும். பதினான்கு பேர் பாதியில் நிற்பார்கள், நானும் நிற்பேன். என்ன செய்வேன் என்று இன்னும் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

மருந்துக்கடை வாசல் பற்றி என்னிடம் கேட்காதே. அதுவும் அந்த நோட்டில் இருக்கிறது.

தங்கை

-

ஏப்ரல் 2

அன்புள்ள தங்கைக்கு,

பல் இப்போது எப்படி இருக்கிறது?

கடிதம் கிடைத்த அன்று ஆபீஸில் செய்ததைச் சொல்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

என் மேசையிலிருந்தே உன் வண்டியின் முழுப் பதிவையும் திறக்க முடியும். எங்கள் பிரிவில் இருக்கிற இருபத்தாறு பேரில் யாரும் திறக்கலாம். செவ்வாய்க்கிழமைகளைத் திறந்தேன். இடம் மட்டும் தெரியும் என்றுதான் நானே நினைத்திருந்தேன். மருந்துக்கடை வாசலில் வண்டி நின்றதும் டிரைவர் சீட்டு முழுதாக முன்னால் இழுக்கப்படுகிறது. கண்ணாடி கீழே சாய்கிறது. பெல்ட் இரண்டு தடவை மாட்டப்படுகிறது, முதல் தடவை சரியாக மாட்டவில்லை என்று பயந்த மாதிரி. அங்கே உட்காருகிறவர் குள்ளமானவர், பதற்றமானவர். இவ்வளவையும் ஒரு சீட்டு என்னிடம் சொல்லிவிட்டது.

அதற்குக் கீழே இன்னொரு பட்டன். அந்த நேரத்தில் வண்டியோடு இணைந்திருந்த போன் யாருடையது என்று காட்டும். அழுத்தினால் பெயர் வரும். கை அதன்மேல் இருந்தது. மனதுக்குள் ஒரு பெயர் ஏற்கெனவே வந்துவிட்டது. உறுதி செய்துகொள்ள வேண்டியதுதான் பாக்கி.

அழுத்தவில்லை. பெரிய நல்லவன் என்பதால் அல்ல. உன் வேன் டிரைவரின் கை ஞாபகம் வந்தது. என் கையைப் பட்டனிலிருந்து எடுத்தேன். திரையை மூடிவிட்டு வெளியே போய்விட்டேன். அன்று மாலை உன் அண்ணிக்குப் போன் செய்தேன். கேட்டுவிட வேண்டும் என்றுதான் செய்தேன். கடைசியில் வெயில் எப்படி என்று கேட்டு வைத்துவிட்டேன்.

இனி உன் விஷயம். நோட்டு இல்லாமல் இதைச் சரி செய்ய ஒரே ஒரு வழி இருக்கிறது. படிவத்தை நிரப்பியது நான், கையெழுத்துப் போட்டது நான், டிரைவிங் ஸ்கூல் வண்டி என்பதை எழுதாமல் விட்டதும் நான் என்று மேலாளரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்போது உன் சம்மதமே செல்லாது. செல்லாத சம்மதத்தில் எடுத்த மதிப்பெண்ணும் செல்லாது. ஆனால் இன்னொருவர் கையெழுத்தைப் போடுவது எங்கள் வேலையில் சின்னக் குற்றமில்லை. என்னை ஊர்க் கிளைக்குத் திருப்பி அனுப்பலாம், வீட்டுக்கே போ என்றும் சொல்லலாம். பையனாக இருந்தபோது அப்பா கையெழுத்தைப் போட எனக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை.

கொஞ்சம் யோசிக்க விடு.

அண்ணன்

-

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

போட்டுவிட்டேன், பார். அந்தப் பட்டனுக்காக.

பல்லைப் பிடுங்கியாயிற்று. நன்றி.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், சம்பந்தப்பட்டவரிடமே படிக்கக் கொடுத்தேன். வண்டியை மருந்துக்கடை வாசலில் நிறுத்திவிட்டு அங்கேயே படித்தார். நீ பெல்ட்டைப் பற்றி எழுதியிருந்த இடத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு சொன்னார், "சொல்லிடும்மா. அவர் கேக்காம இருந்திருக்காரே, அதுக்காகவாவது சொல்லிடு." அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நீ நினைத்த பெயர்தான். அண்ணிதான்.

போன அக்டோபரில் ஒரு மதியம் நல்ல மழை. உன் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து மூச்சுத் திணறலோடு வந்திருக்கிறாள். இன்ஹேலரில் மருந்தை இழுத்தும் அடங்கவில்லை. வாடகை வண்டிக்கு அண்ணி போன் செய்கிறார், மழையில் ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டில் யாரும் இல்லை. நாற்பது நிமிஷம். மறுநாள் என்னிடம் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சாவி கையில இருக்கு. வண்டி வாசல்ல நிக்குது. புள்ளைக்கு உதடு நீலமாகுது. நான் நிக்கிறேன். அந்த வண்டியைவிட நான்தான் சும்மா நின்னேன்." கடைசியில் ஒரு பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். பிள்ளை பிழைத்தது. தூரத்தில் இருக்கிறவரைக் கலங்க வைக்க வேண்டாம் என்று உன்னிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தத் தப்பு எங்கள் மேல்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ அண்ணிக்கு வண்டி சொல்லிக் கொடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கைத் தரையில் மிதித்துக்கொண்டே கத்தினாய். பெரிய பாலத்தின் நடுவில் அவர் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி, வீட்டுக்கு நடந்தே போனார். அதற்குப் பிறகு வருகிற விருந்தாளியிடமெல்லாம், "இவளுக்கு ஓட்டக் கத்துக் குடுக்கறதுக்குப் பதிலா அந்தப் பாலத்துக்கு ஒதுங்கி நிக்கக் கத்துக் குடுத்துடலாம்" என்பாய். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். அண்ணியும் சிரிப்பார். அவர் சிரிப்பது எப்படிப்பட்ட சிரிப்பு என்று என் வண்டியில் அவர் முதல் தடவை அழுதபோதுதான் தெரிந்தது.

நானூற்றுப் பன்னிரண்டில் தொண்ணூற்றேழு அவருடையது. நோட்டில் எண்ணினேன். பெரும்பாலும் பாலத்தில்தான். நவம்பரில் முப்பத்தொன்று, டிசம்பரில் இருபத்தெட்டு, ஜனவரியில் இருபது, பிப்ரவரியில் பன்னிரண்டு, கடிதம் வருவதற்கு முந்தின நான்கு நாளில் ஆறு, அதுவும் ஜலதோஷத்தோடு ஓட்டியதால். போன இரண்டு வாரமாக ஒன்றுகூட இல்லை. உன் கம்பெனிக்கு அது மோசமான ஓட்டுநரின் கணக்கு. எனக்கு அது ஒரு பெண் பயத்தை விடுகிற கணக்கு. இரண்டுக்கும் ஒரே எண்கள்தான்.

ஏப்ரல் 22-இல் அவருக்கு லைசன்ஸ் தேர்வு. உன் அனுமதி அவருக்கு வேண்டாம். சிரிக்காமல் இருந்தால் போதுமாம்.

உன் வேலை விஷயத்தில் நான் எதுவும் சொல்ல மாட்டேன். உன் ஸ்டீயரிங் உன் கையில்.

தங்கை

-

ஏப்ரல் 21

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. அதற்கு மூன்று நாள் முன்னாலேயே மேலாளர் அறைக்குப் போய்விட்டேன். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் அது வந்த பிறகு போயிருந்தால் உன் அண்ணிக்காகப் போனேன் என்று ஆகிவிடும். உனக்காகத்தான் போனேன்.

மேலாளர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத்தனை வருஷம் இந்த வேலையில இருக்கீங்க. சம்மதம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் என்றேன். மற்றவர்களுடையது என்றால் தெரியும், வீட்டு மனுஷர்கள் என்றால் கேட்கத் தோன்றவில்லை என்றேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, அதையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

மதிப்பெண்ணை ரத்து செய்துவிட்டார்கள். பழைய பதிவுகள் அழிக்கப்படும். உன் வண்டி பயிற்சி வண்டி என்ற வகையில் மாறும், தகவல் எதுவும் எடுக்க மாட்டார்கள். உங்கள் ஊர்க் கிளைக்கு உத்தரவு போய்விட்டது. என்னை வேலையைவிட்டு எடுக்கவில்லை, இந்தப் பிரிவைவிட்டு எடுத்துவிட்டார்கள். மே நடுவில் ஊருக்குத் திரும்ப வேண்டும். கிளையில் இழப்பீட்டு மனு வாங்குகிற மேசை. போகட்டும், அங்கே வருகிறவர்கள் முகத்தைப் பார்க்கலாம்.

பால் வண்டிக்காரரைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்தப் பத்தியை என்னால் இன்னும் முழுதாக ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. அந்த அக்டோபர் மதியம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். உன் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். என் வாசலில் நின்ற வண்டிக்குப் புள்ளி கிடையாது. என் போனில் தெரியாத இடத்தில்தான் என் பிள்ளை மூச்சுக்குத் தவித்திருக்கிறாள்.

அந்தப் பாலம் ஜோக்கை நான்தான் கட்டினேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க முயன்றேன், அதற்கு யாரும் பட்டியல் வைத்திருக்கவில்லை. நல்லவேளை. உன் அண்ணிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். இதே உறைக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன், நீ பிரிக்காதே.

போனிலிருந்து அந்தச் செயலியை எடுத்துவிட்டேன். நீ காலையில் கிளம்பினாயா இல்லையா என்று இனி எனக்குத் தெரியாது. அவ்வப்போது எழுது.

அண்ணன்

-

மே 2

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்ஷூரன்ஸ் 28-ஆம் தேதியே வந்துவிட்டது. காகிதத்தை வண்டியில் வைத்துவிட்டு ஸ்டீயரிங்மேல் தலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன். அப்போது ஹார்ன் அடித்துவிட்டது, தெருவே திரும்பிப் பார்த்தது. பதினான்கு பேரும் பத்திரம். வேன் டிரைவர் நேற்று பாலம் தாண்டி நெடுஞ்சாலை வரை போனார். கை நடுக்கம் இருந்தது, ஆனால் வண்டி நடுங்கவில்லை.

அண்ணி 22-ஆம் தேதி தேர்வில் தோற்றுவிட்டார். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கம்பத்தைத் தட்டிவிட்டு, இறங்கிப்போய்க் கம்பத்துக்கு ஏதும் ஆயிற்றா என்று பார்த்தாராம். 29-ஆம் தேதி மறுபடி போனார், பாஸ். உன் கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அதில் என்ன எழுதியிருந்தாய் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் பிரிக்கவும் இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், உறை தடிமனாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

பதினாறாம் தேதி விமான நிலையத்துக்கு நான் வரவில்லை, எனக்கு அன்று வகுப்பு. அழைத்துப்போக ஆள் வரும், உன் வீட்டு வண்டியிலேயே. பின்சீட்டில் உட்காராதே, முன்னால் உட்கார். வழி சொல்லாதே. முக்கியமாக, வலது காலைப் பார்த்துக்கொள்.

தங்கை

-

மே 17

அன்புள்ள தங்கைக்கு,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதமா என்று கேட்பாய். பழகிவிட்டது. தவிர, இதைக் கொண்டுவந்து தருகிற ஆளுக்கும் வண்டி எடுக்க ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.

விமான நிலைய வாசலில் நம் பழைய வண்டி நின்றது. மகள் பின்சீட்டில். உன் அண்ணி சீட்டை முழுதாக முன்னால் இழுத்து வைத்து உட்கார்ந்திருந்தாள். பெல்ட்டை ஒரே தடவைதான் மாட்டினாள். நான் கவனித்தேன், ஒன்றும் சொல்லவில்லை. இருபது நிமிஷம் வழியும் சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியம்.

பாலம் வந்தது. நடுப்பாலத்தில் ஒரு லாரி திடீரென்று குறுக்கே புகுந்தது. அவள் பிரேக் பிடித்தாள். வண்டி லாரிக்கு மூன்று முழம் பின்னால், ஆடாமல் நின்றது. அதற்குள் என் வலது கால் தரையில் இருந்த பாயை அழுத்திக்கொண்டு நின்றது. உடம்பில் ஊறினது, என்ன செய்ய. மகள் பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். உன் அண்ணி என் காலைப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அங்க பிரேக் இல்லைங்க. இங்கதான் இருக்கு."

முதலில் சிரித்தது அவள்தான். அதற்குப் பிறகுதான் நான் சிரித்தேன். சிரிப்பில் கண் கலங்கி, மகள் கைக்குட்டை நீட்டினாள்.

மீதித் தூரம் இரண்டு காலையும் தூக்கி சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வந்தேன். நாற்பத்தெட்டு வயசில், கோட்டு போட்டுக்கொண்டு. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

நம் வண்டி பழசு, யாரிடமும் எதுவும் சொல்லாது. அந்தப் பாலத்துப் பிரேக் எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் ஏறவில்லை. அது எழுதி வைக்கப்பட்டிருப்பது இந்தக் கடிதத்தில் மட்டும்தான். எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க" என்றாள்.

அண்ணன்